சும்மா இருக்கச் சொன்ன சர்வர்

தாமிரபரணி பாயும் ஊர்களில், சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் உட்கார முடியாத ஜீவன் பங்கீடு அண்ணாச்சியைப் போல இன்னொன்று கிடையாது. ஆற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதுவாவது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் கொஞ்சம் நிற்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாரி பார்சல் ஆபீசின் புக்கிங் கவுன்ட்டரில் நான் இருந்தேன். மாடியில் கம்ப்யூட்டர் அறை. அது அண்ணாச்சியின் ராஜ்ஜியம். ஆபீஸ் கணக்கெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ் சர்வரின் மெமரியை, பில் போட இவ்வளவு, ரிப்போர்ட் எடுக்க இவ்வளவு, மெஷின் மூச்சுவிட இவ்வளவு என்று கையால் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வேறு ஆளாக இருந்தால் எப்போதாவது ஒருமுறை பிரித்துவிட்டு மறந்துபோவார். இவர் காலையில் ஒரு பங்கீடு, சாயங்காலம் ஒரு பங்கீடு. ஒவ்வொன்றுக்கும் சர்வரை அணைத்துப் போட வேண்டும். மாடிப்படியில் நின்றுகொண்டு, "எல்லாரும் வெளிய வாங்கய்யா!" என்று கத்துவார். புரோகிராமைவிட்டு வெளியே வரச் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். புதிதாக வந்த டிரைவர் ஒருவர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, சரக்கே ஏற்றாமல் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெளியிலும் இதே கதைதான். சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏறினால், "யம்மா, அந்தக் கூடைய மடில வச்சுக்கிடுங்க. ஏலே, நீ இங்கன வா" என்று மொத்த பஸ்ஸையும் எழுப்பி உட்கார வைப்பார். முடிவில் அவருக்குத்தான் இடம் இருக்காது. பந்தியில் என் இலையில் கிடந்த அப்பளத்தை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்துவிட்டு, "உம்ம கை அதுமேல படவே இல்லவே. அவன் திங்கட்டும்" என்றார். கடைசியில் தின்னலாம் என்று ஆசையாக வைத்திருந்த அப்பளம் அது!

இந்த நிம்மதியில்லாத மனிதரின் தலையில், முதலாளி ஒரு புது சர்வரை இறக்கினார். அதை நிறுவ மெட்ராஸிலிருந்து ஒரு பையன் வந்தான்.

"இதுக்கு மெமரியைப் பிரிச்சுத் தர வேணாம் சார். வேணுங்கறத அதுவே எடுத்துக்கும். வேற புரோகிராம் கேட்டா அதுவே விட்டுக்கொடுத்துடும்."

"அப்ப நான் என்ன செய்யணும் தம்பி?"

"நீங்க சும்மா இருந்தா போதும் சார்."

அண்ணாச்சியிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கொடூரமான வார்த்தையைச் சொன்னதில்லை. அது போதாதென்று முதலாளி வேறு, "ஒரு மாசம் இது தானா ஓடட்டும் அண்ணாச்சி. ஓடிட்டுன்னா நீங்க பாளையங்கோட்டை குடோனப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார். குடோனில் மூட்டை உண்டு, எலி உண்டு. கம்ப்யூட்டர் கிடையாது.

அன்றிலிருந்து மனிதர் ஸ்கிரீனை முறைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்தார். சர்வர் காலையிலிருந்து மெமரியை எடுத்துக்கொண்டே போகும். மத்தியானம் கவுன்ட்டர் காலியாகக் கிடக்கும்போதும் எடுத்ததைக் கீழே வைக்காது.

"பாத்தீராவே? ஒரு வேலையும் இல்ல, அம்புட்டையும் புடிச்சு வச்சிருக்கு. என்ன பேராச பாரும்!"

அதே வாரம் புது சர்வரின் லட்சணமும் தெரிந்தது. தினமும் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நொண்ட ஆரம்பித்தது. ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தார்கள் வந்து இறங்கும் நேரம் பார்த்து பில் வராது. பில் இல்லாமல் லாரி நகராது. தார்கள் வெயிலில் கிடந்து பழுக்க, வியாபாரிகள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். "தானா ஓடுத மெஷினு!" என்று அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். பழைய சர்வரையே திருப்பிக் கொண்டுவந்துவிடலாமா என்று முதலாளியும் யோசிக்க ஆரம்பித்தார்.

அப்போது சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணம். அண்ணாச்சி லீவு போட்டுவிட்டுப் போனார். போன மனிதரால் அங்கே இருக்க முடிந்தால்தானே? நெற்றியில் சந்தனமும் வாயில் வெற்றிலையுமாகச் சாயங்காலமே ஓடிவந்துவிட்டார்.

"என்னவே, எத்தன லாரி நிக்கி?"

"ஒண்ணும் நிக்கல அண்ணாச்சி. இன்னைக்கு ஜம்முனு ஓடுது."

அவர் முகம் சுருங்கியது. ஸ்கிரீன் முன்னால் போய் நின்றார். சர்வர் வழக்கம்போல எல்லா மெமரியையும் பிடித்து வைத்திருந்தது. நான் மாதக் கணக்கை எடுக்க, அதே மெஷினில் வேறொரு பெரிய புரோகிராமைத் திறந்தேன். சர்வர் பிடித்து வைத்திருந்த மெமரி தானாகவே மளமளவென்று இறங்கியது.

"விட்டுக்கொடுக்குதேவே!" என்றார் அண்ணாச்சி. குரல் உள்ளே போய்விட்டது. "கேட்டதும் விட்டுக்கொடுக்குதே..."

அப்படியே விறுவிறுவென்று முதலாளி அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"மொதலாளி, மெஷின் மேல குத்தமில்ல. சும்மா புடிச்சு வச்சிருக்கேன்னு பொறுக்க மாட்டாம, மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் நாந்தான் அமத்தி அமத்திப் போட்டேன். அது காலையிலேருந்து மெமரில சேத்து வச்சிருந்த கணக்கெல்லாம் போயிரும். மறுபடி ஒண்ணொண்ணா டிஸ்குலேருந்து எடுக்க நேரமாவும். வாழைத்தாரு நின்னது என்னாலதான்."

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருடைய ராஜ்ஜியம் பிழைத்திருக்கும். முதலாளி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "குடோன்."

அண்ணாச்சி மாடிக்கு வந்து மானிட்டரைத் துண்டால் துடைத்தார். "என்னைவிட நல்லாத்தான் பிரிக்கிதுவே" என்றார்.

குடோனில் மூட்டைகளை இடம் மாற்றி மாற்றி எலிகளுக்கே பைத்தியம் பிடிக்க வைத்தார் என்று கேள்வி. ஒருநாள் ஏதோ சாக்கில் மாடிக்கு வந்தார். சர்வர் பக்கத்தில் அவருடைய பழைய நாற்காலி அப்படியே கிடந்தது. அதைப் பார்த்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா கெடக்குத சேர எதுக்குவே புடிச்சு வச்சிருக்கீரு?"

"யாரும் கேக்கல அண்ணாச்சி. கேட்டா கொடுத்துருவோம்."

அண்ணாச்சி அதில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்துக்கும் மேலாகவே உட்கார்ந்திருந்தார்.

நாற்காலியை எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். நாங்கள்தான் கொடுக்கவில்லை.