உடையப்பனின் இமயமலை வேட்டை

இந்தச் சித்திரையில் எப்படியும் வடக்கே போய் வேட்டையாடிவிட்டுத்தான் மறுவேலை என்று உடையப்பன் சபதம் எடுத்தபோது, அவர் கையில் இட்லித் தட்டு இருந்தது. கழுவிக்கொண்டிருந்தார்.

திண்டுக்கல்லில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருக்கு. வயது நாற்பத்தெட்டு. வடக்கே அவர் பார்த்த கடைசி ஊர் திருச்சி. ஆனால் ஆறு மாசமாக ஆள் செல்போனுக்குள் அலாஸ்காவில்தான் குடியிருந்தார். அங்கே வெள்ளைக்காரன் ஒருத்தன் கைடு வைக்காமல், லாட்ஜ் போடாமல், தானே கூடாரம் அடித்து, தானே பொங்கித் தின்று, தானே மான் வேட்டையாடி, குறைஞ்ச செலவில் நீங்களும் வரலாம் என்று தினமும் வீடியோவில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீடு தேடி வந்து இப்படிக் கூப்பிட்டால் மனுசன் என்னதான் செய்வார்?

பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இனிகோதான் அலாஸ்காவை இமாச்சலமாகக் குறைத்துக் கொடுத்தான்.

"அண்ணே, அலாஸ்கா போக நம்ம ரெண்டு கடையையும் வித்தாலும் பத்தாது. நம்ம நாட்டுல மான் மேல கை வச்சா உள்ள தூக்கிப் போட்ருவாங்க. இமாச்சலத்துல பனி உருகி ஓடுற ஆத்துல ட்ரவுட்டுன்னு ஒரு மீனு. கவர்மெண்டு சீட்டு வாங்கிட்டுத் தாராளமாத் தூண்டில் போடலாம்."

"ஏலே, மீனும் வேட்டைதான?"

"வேட்டையேதாண்ணே."

அன்றைக்கே வேலை தொடங்கியது. பழைய பிளக்ஸ் பேனரில் உடையப்பன் கூடாரம் தைத்தார். உள்ளே படுத்தால் முகத்துக்கு நேரே யார் வீட்டுக் காதுகுத்துப் பிள்ளையோ சிரித்தது. காயில் சுற்றும் சக்கரத்தில் நைலான் நரம்பைச் சுற்றித் தூண்டில் செய்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் போட்டுப் பழகினார். ஒரு ரப்பர் செருப்பு மாட்டியது, ஒரு நைட்டி மாட்டியது. மீன்கள் மட்டும் அவரை மதிக்கவே இல்லை.

எல்லாம் தயார். பெண்டாட்டி மணிமேகலையிடம் சொல்வதுதான் பாக்கி. அதற்கு வேண்டிய தைரியத்தைக் கையால் செய்ய முடியவில்லை.

"செத்த நேரம் உக்காரு மணி. நானும் இனிகோவும் இமயமலைக்குப் போறோம். பத்து நாளு."

"சந்நியாசமா?"

"வேட்டைடீ! மீன் வேட்டை!"

"அப்ப நானும் வாரேன்."

இதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. அழுதால் ஒரு பதில், கத்தினால் ஒரு பதில் என்று பாடம் பண்ணி வைத்திருந்தார்.

"நீ எங்க வருவ? அங்க கரடி இருக்கும்."

"இருந்தா உறுமும். உங்க கொறட்டையப் பத்தொம்பது வருசமாக் கேக்குறேன்."

"குளிரு வெடவெடன்னு ஆட்டும்."

"இந்த வெயில்ல கெடந்து வேகுறவளுக்குக் குளிரக் காட்டியா பயமுறுத்துறீங்க? பனியை நான் ஃபிரிட்ஜு மேல்தட்டுல பார்த்ததோட சரி. சேவுகம்பட்டியில பொறந்தேன், இங்க வாக்கப்பட்டேன், அம்புட்டுத்தான் என் ஊர்சுத்தல். எங்க ஊர்க் கண்மாயில மீன்பிடின்னா கூடையோட முதல்ல எறங்குறவ நாந்தான். தெரியும்ல?"

உடையப்பனுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இவளும் வந்தால் இமயமலை உச்சியிலும் வீடுதான் நடக்கும். இட்லித் தட்டும் பின்னாலேயே வந்துவிடும்.

"நமக்குள்ள எதுக்குச் சண்டை? கருப்பசாமிகிட்டப் பூக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா நானும் இனிகோவும் போறோம். செவப்பு வந்தா இந்தப் பேச்சையே விட்டுர்றேன்."

"சாமி சொன்னாச் சரி," என்றாள், உடனே. அப்போதே மனுசன் சுதாரித்திருக்க வேண்டும். மணிமேகலை எதற்குமே உடனே சரி சொல்கிறவள் இல்லை.

பூக் கேட்பது லேசான காரியம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவப்புப் பூ. சாமி காலடியில் போட்டால் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளிக்கிழமை காலையில், "நானே கட்டிட்டு வாரேன்" என்று கொல்லைக்குப் போன உடையப்பன், இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினார். "கருப்பா, நாப்பத்தெட்டு வருசத்துல இந்த ஒரு தடவ. கிடா வெட்டுறேன், மன்னிச்சு விட்ரு."

கோயிலில் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் குலுக்கிப் போட்டார்.

"என்ன நெனச்சுக் கேக்குறீக? சத்தமாச் சொல்லுங்க அப்பு."

உடையப்பன் தொண்டையைச் செருமினார். செருமிய நேரம் போதும் மணிமேகலைக்கு.

"சாமீ! செவப்பு வந்தா அவரு கூட்டாளியோட போகட்டும். வெள்ளை வந்தா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சோடியாப் போறோம்!"

"ஏய், அப்படியில்ல..."

"சாமி முன்னாடி வந்த வாக்கை மாத்தக் கூடாது," என்று பூசாரி கண்ணை மூடிவிட்டார்.

உடையப்பன் நன்றாக மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தால் திருட்டு வெளியே வரும், மூடினால் பெண்டாட்டி கூடவே வருவாள். நந்தியாவட்டை எப்படியாவது சிவந்துவிடாதா என்று கருப்பனைக் கெஞ்சினார். பூசாரி விரல் இந்தப் பொட்டலத்தைத் தொட்டு, அதை விட்டு, அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தது. பளீரென்று வெள்ளை.

"உத்தரவு ஆயிருச்சு!"

மணிமேகலை அவர் காதோரம் வந்தாள். "மிச்சப் பொட்டலத்தையும் பிரிக்கச் சொல்லவா?"

"வேணாம் தாயி. சோடியாவே போவோம்."

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டார். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நம்ம வீட்டுல செவப்புன்னா அந்த அரளி ஒண்ணுதான். நேத்து எட்டுப் பூ. நீங்க கட்டி முடிச்சு வந்த பெறகும் எட்டுப் பூ."

சொல்லிவிட்டு அவர் தோளில் கையை வைத்துக்கொண்டாள். பனி எப்படி இருக்கும், கையில் எடுத்தால் சுடுமா என்று வழியெல்லாம் சின்னப் பிள்ளையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். உடையப்பனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. வரட்டுமே! ஆற்றங்கரையில் தூண்டிலோடு தான் நிற்பதையும், மீன் துள்ளுவதையும், இவள் அசந்துபோய்ப் பார்ப்பதையும் நினைத்து வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் செல்போனை நீட்டினாள்.

"இனிகோ தம்பிகிட்டச் சொல்லி அப்பவே எல்லாம் எடுத்தாச்சு. ரயில் டிக்கெட்டு ரெண்டு. மீன் பிடிக்கிற சீட்டு ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"குறைஞ்ச செலவுல போகணும்னு நீங்கதான சொன்னீங்க. ஒருத்தர் பிடிச்சாப் போதாதா?"

நியாயம்தான் என்று உடையப்பன் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். பேர் இருக்கும் இடத்தில் மணிமேகலை என்று இருந்தது.

"கவலப்படாதீங்க," என்றாள். "பிடிச்ச மீனச் செதில் போக உரசித் தர ஆளு வேணும்ல? தட்டுக் கழுவுற நாரையும் உங்க பையிலயே வச்சுட்டேன்."