ஜோராகி ஓடி

எனக்குக் கன்னடம் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வது பொய். பெங்களூர் அடுகோடியில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருந்து நான் கற்றது ஆட்டோவில் ஏறவும் தக்காளிக்காரரிடம் பேரம் பேசித் தோற்கவும்தான் போதும். எழுத்து சுத்தமாகத் தெரியாது.

இருந்தும், ஆனேக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு வாசிப்பும் விளையாட்டும் நடத்துகிறார்கள், ஒரு நாள் யாராவது போய் வாருங்கள் என்று ஆபீஸில் கேட்டபோது முதலில் உயர்ந்தது என் கை. (வீட்டில் புத்தக அலமாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு.) பேச வேண்டியதை உடன் வேலை பார்க்கும் ராகவேந்திரா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கன்னடம்தான், எனக்காக இங்கிலீஷ் எழுத்தில்.

சமுதாயக் கூடத்து வாசலிலேயே மஞ்சுளா டீச்சர் நிலைமையைச் சொல்லிவிட்டார். (ஓசூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும்.) பெற்றவர்கள் அரை மனதாகத்தான் பிள்ளைகளை விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஏரி. கார்மென்ட்ஸ் வேனில் அம்மாக்கள் ஐந்தரைக்கு வந்து இறங்கும்வரை ஒரு பிள்ளையும் படி தாண்டக் கூடாது. தாண்டினால் மறுநாளே கூடத்துக்குப் பூட்டு. எல்லாம் புரிந்தவன்போல் தலையாட்டினேன்.

இருபத்தாறு பிள்ளைகள், ஆளுக்கொரு கதைப் புத்தகம். நான் மேடையேறி, போனைப் பார்த்துப் படித்து, கடைசி வரியை முழங்கினேன்: "எல்லரூ ஜோராகி ஓடி!"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு சாரை அவர்கள் அதுவரை கண்டதில்லை. அப்புறம் ஓடினார்கள்.

"என்ன சார் சொன்னீங்க?" என்றார் டீச்சர்.

"படிக்கச் சொன்னேன் மேடம்."

"இல்ல சார். ஓடச் சொன்னீங்க."

விஷயம் இவ்வளவுதான். கன்னடத்தில் 'ஓதி' என்றால் படியுங்கள், 'ஓடி' என்றால் ஓடுங்கள். 'ஜோராகி' சத்தமாகவும் ஆகும், வேகமாகவும் ஆகும். இங்கிலீஷில் எழுதினால் ஓதுவதற்கும் ஓடுவதற்கும் ஒரே எழுத்து. தமிழில் எழுதித் தரக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

பின்னாலேயே நாங்களும் ஓடினோம். நான் துரத்துவதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் ஜோராக ஓடினார்கள். ராகி வயலில் ஒரு முறை விழுந்தேன். கடைசியில் எல்லாரையும் கூடத்து வாசலில் உட்காரவைத்து எண்ணினால் இருபத்தைந்துதான். ஏழு வயது பவித்ராவைக் காணோம்.

மணி ஐந்து இருபது. அவள் அம்மா வேனில் வந்துகொண்டிருப்பார். டீச்சர் என்னைத் திட்டவில்லை, ஏரியையே பார்த்தார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். கரை நெடுக அவள் பெயரைக் கத்திக்கொண்டே போனேன். (இந்தச் சொல்லையாவது சரியாகச் சொல்கிறேனா என்று சந்தேகம் வந்தது.) தண்ணீரோரம் சின்னச் செருப்பு எதுவும் கிடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினேன்.

அம்மாவுக்குப் போன் செய்ய நம்பர் நோட்டை எடுக்கக் கூடத்துக்குள் போன டீச்சர் அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். சுவரில் சாய்த்திருந்த கேரம் போர்டுக்குப் பின்னால் பவித்ரா கால் நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம். ஊரெல்லாம் தேடிய எங்களுக்கு உள்ளே பார்க்கத் தோன்றவில்லை. மேடை விளிம்பில் உட்கார்ந்து, வேன் ஹாரன் சத்தத்தை ஏதோ நாதஸ்வரம்போல் கேட்டேன்.

கூடத்துக்குப் பூட்டு விழவில்லை. வாசிப்பு இன்றும் நடக்கிறது. எங்கள் வீட்டில்தான், நான் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மனைவி எழுந்து போய் வாசல் கதவைத் தாழிடுகிறாள்.

அன்று பவித்ரா கிளம்பும் முன், நீ மட்டும் ஏன் ஓடவில்லை என்று டீச்சர் மூலம் அவளைக் கேட்டேன். (புத்தகத்தின் மேல் அவ்வளவு ஆசை என்பதுபோல் ஒரு பதிலை எதிர்பார்த்தேன்.) அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொன்னாள். டீச்சர் மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்தினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஓடுறதப் பத்தி பேசுற உடம்பா இது, வேற என்னவோ சொல்றாருன்னு நெனச்சாளாம்."