வீடு வாங்க வந்த யாமினி

பேரன்புள்ள கலா அக்காவுக்கு,

சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து தம்பி முரளிதரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். மெல்பேர்ன் வெரிபீயில் நீங்களும் அத்தானும் நலமாயிருக்க வேண்டியது கடவுளின் பொறுப்பு. எனக்கு இங்கே வேறு வேலை இருக்கிறது. வீடு விற்கும் லைசென்ஸுக்கு ஒன்லைனில் படிப்பதா, வகுப்புக்குப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் என் மனைவியார் யாமினிக்குக் கேட்கும். ஆகையால் கடிதம்.

ஐம்பத்துநான்கு வயதில் வேலை போனதும், சப்பாத்துப் போடத் தேவையில்லை என்ற ஒரே காரணத்துக்காக நான் ஒன்லைனில் சேர்ந்தேன். பாடமெல்லாம் சுகம், சோதனைதான் வில்லங்கம். வாங்க வருபவருக்கு ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டையே காட்டினேன், வாங்க வருபவராக யாமினி நடித்தாள். நடித்தாள் என்றா சொன்னேன்? குசினிக்குள் கால் வைத்ததும், "இந்தப் பைப் எத்தினை வருசமா ஒழுகுது?" என்றாள். "மெடம், அது சின்ன வேலை," என்றேன். "சின்ன வேலையெண்டா ஏன் இன்னும் செய்யேல்லை? கதிரையை விட்டு எழும்பினாத்தானே!" நானாவது வாயை மூடியிருக்கலாம். "உங்கட அம்மா வந்து ஆறு மாசம் நிண்டதிலதான் பைப் தேஞ்சது," என்றுவிட்டேன். அவள் அறைக்கதவை அடித்துச் சாத்துவதோடு வீடியோ முடிகிறது. இன்னொரு தடவை நடிக்க அவள் மறுத்ததால் அதையே அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "தேர்ச்சியில்லை. வாங்க வந்தவரின் தாயாரைப் பற்றிப் பேசுவது தவிர்க்கப்பட வேண்டும்."

இரண்டு நாள் தேநீரை நானே போட்டுக் குடித்தேன். மூன்றாம் நாள் பரமட்டாவில் நேரடி வகுப்புக்குப் போய்விட்டேன். அங்கே வாங்குபவராக வாய்த்தது திவ்யதர்ஷினி என்றொரு பிள்ளை. எதைக் காட்டினாலும் "வாவ், லவ்லி அங்கிள்" என்றாள். வெறும் சுவரைக் காட்டினேன், அதுவும் லவ்லி. ஒரே தடவையில் தேர்ச்சி! ஆகவே அக்கா, கண்ணை மூடிக்கொண்டு வகுப்புக்கே போங்கள். அத்தானை வைத்து வீடியோ எடுத்தீர்களென்றால் கடைசியில் விலைபோவது வீடாயிருக்காது.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

அன்புத் தம்பி,
முரளிதரன்

பி.கு.: தபால் முத்திரை வாங்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் கடிதம் மூன்று வாரம் மேசையில் கிடந்தது. அதற்குள் வேலை கிடைத்து, ஒரு வீட்டைக் காட்டப் போனேன். நான் புகழப் புகழ வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். துணைக்கு வந்த யாமினி ஒரு இளம் சோடியை மறித்து, "கராஜுக்க மழைத்தண்ணி வரும், பக்கத்து வீட்டு நாய் விடாமக் குரைக்கும், மற்றும்படி நல்ல வீடு," என்றாள். அவர்கள் வாங்கிவிட்டார்கள். முதலாளி இப்போது அவளை வேலைக்குக் கூப்பிடுகிறார். ஒன்லைனில் சேர்ந்துவிட்டாள். இன்று பின்னேரம் வீடியோ எடுக்கிறோம். வாங்க வருபவன் நானாம்.