அப்ரூவல் மாமாவின் சிவப்பு அம்பு

உலகத்தில் குறையில்லாத பொருள் என்று ஒன்று கிடையாது என்பதை நிரூபிப்பதற்காகவே கடவுள் அப்ரூவல் மாமாவைப் படைத்து, திருப்பூர் நல்லூரில் எங்கள் காம்பவுண்டின் முதல் வீட்டில் குடிவைத்தார். அந்தக் கடவுளே நேரில் வந்து நின்றிருந்தாலும், "சாமி, எடது தோளு கொஞ்சம் ஏறியிருக்குதுங், ஆல்டர் பண்ணீட்டு வாங்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

பனியன் கம்பெனியில் அவர் குவாலிட்டி செக்கர். தைத்து வரும் டீ-ஷர்ட்டில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், அந்த இடத்தைக் காட்ட ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். மற்ற செக்கர்கள் ஸ்டிக்கரைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். மாமா சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். சொட்டுகிற குழாயில் ஓர் அம்பு. விரிசல் விட்ட சுவரில் ஓர் அம்பு. சுவரில் மாட்டியிருந்த தன் கல்யாண ஃபோட்டோவில், தன் மீசையின் வலது நுனிக்கு ஓர் அம்பு. ஒருநாள் தோசையிலும் ஒட்டினார். அத்தை அதைப் பிரித்தெடுத்து அவர் நெற்றியில் ஒட்டினார். மாமா அன்று அதோடுதான் கம்பெனி வேனில் ஏறினார்.

நாங்கள் இருந்தது எட்டாவது வீடு. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மா ஓவர்லாக் டெய்லர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. இதைப் பேச்சுவாக்கில் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

காம்பவுண்டில் மாமாவுக்கு அதிகாரம் வந்தது ஒரு ஃபோன் அப்டேட்டால். ஒருநாள் விடியலில் மூன்று வீட்டு ஃபோன்கள் யாரையும் கேட்காமல் தாங்களே அப்டேட் ஆகிக்கொண்டன. அதில் அலாரம் அடங்கிப்போனது. மூன்று வீட்டாரும் கம்பெனி வேனைக் கோட்டை விட்டார்கள். அன்று மாலை மாமா வாசலில் நின்று சட்டம் போட்டார்.

"சாம்பிள் அப்ரூவல் ஆகாம நாம ஒரு பீஸாவது தைக்கிறமா? இல்லீங்ல்ல? அப்பறம் ஃபோனுக்கு மட்டும் எதுக்குங் இந்த அவசரம்? இனி எந்த அப்டேட்டு வந்தாலும் மொதல்ல என்ற சாம்பிள் ஃபோன்ல போடுவேன். ஏழு நாள் பாப்பேன். நான் ஓகே சொன்னாத்தான் மத்தவங்க போடோணும்."

சாம்பிள் ஃபோன் என்பது திரை கீறிய அவருடைய பழைய ஃபோன். அதன் மேல் மட்டும் பதினோரு அம்புகள் இருந்தன.

எங்கள் காம்பவுண்டின் இன்னொரு சிறப்பு, எட்டு வீட்டுக்கும் ஒரே மெயின் சுவிட்ச். நாலு வீட்டில் ஒரே நேரத்தில் எதையாவது பெரிதாகப் போட்டால் 'டப்' என்று விழுந்துவிடும். வீட்டுக்காரர் பல வருடமாக "பாத்துக்கலாங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபோனில் நடந்த என் முதல் இண்டர்வியூவில் அது விழுந்தது. தகரக் கூரைக்குள் சிக்னல் வராது; மாமா வீட்டு வைஃபைதான் எல்லோருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரர் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். பெயரைச் சொன்னேன். டப்.

அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை. அம்மா முதல் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எம் மவ பேரச் சொல்லிட்டா. படிப்பச் சொல்ல வாயத் தொறக்கா, கரண்டு போயிட்டு அண்ணாச்சி. யாரு வீட்டு கிரைண்டருன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காக."

அடுத்த வாரம் மாமா ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். மெயின் வயரைச் சுற்றி ஒரு கிளிப். காம்பவுண்டில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பது அவர் ஃபோனில் கோடாகத் தெரியும். ஏதாவது ஓடினால் கோடு ஏறும், நின்றால் இறங்கும். ஒரே மாதத்தில் மாமா அந்தக் கோட்டை ஜோசியர் கட்டம் பார்ப்பதுபோல் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"குதிச்சுக் குதிச்சு ஏறுனா மிக்ஸி. செவுரு மாதிரி நின்னா அயர்ன் பாக்ஸ். இதென்ன, நடுவால ஒரு கூம்பு? சரோஜாக்கா! ஏனுங், இண்டக்சன் அடுப்பு வாங்கீட்டீங்ளா?"

நாலாவது வீட்டு சரோஜாக்கா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "உங்களுக்கு வேற சோலியே இல்லீங்ளா? நாளைக்கு நான் தும்முனா அதும் கோட்டுல தெரியுமாட்ட இருக்குது!"

"ஃபேன் முன்னால நின்னு தும்முனாத் தெரியுமுங்" என்றார் மாமா. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

இப்படியிருக்கும்போதுதான் கோயம்புத்தூரிலேயே வேறொரு கம்பெனியிலிருந்து இரண்டாவது இண்டர்வியூ வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குத் திருப்பூரில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் சொல்கிறேன். வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. எல்லா வீட்டிலும் கறி. எல்லா வீட்டிலும் மசாலா அரைக்கும் மிக்ஸி. துவைக்கிற மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் அப்போதுதான் ஓடும். மெயின் சுவிட்ச் வாரம் தவறாமல் விழும் நேரம் அது.

அது போதாதென்று சனிக்கிழமை காலையில் அந்தக் கம்பெனியிலிருந்து மெயில். ஃபோனில் புது அப்டேட் போட்டிருந்தால்தான் இண்டர்வியூவுக்கான அவர்கள் ஆப் திறக்குமாம்.

"ஏழு நாள் ஆகும் அம்மிணி" என்றார் மாமா.

"மாமா, இண்டர்வியூ நாளைக்கு!"

"வெளிநாட்டுல இருந்து துணி வாங்கற பையரே வந்து நின்னாலும் எனக்கு ஏழு நாளுதான்."

அம்மா குறுக்கே வந்தாள். "ஏழு நாள் கழிச்சு போனு நல்லாத்தான் இருக்கும் அண்ணாச்சி. வேல இருக்குமா?"

மாமா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாம்பிள் ஃபோனைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"கப்பலுக்கு நேரமில்லாட்டி என்ன பண்றோம்? ஃப்ளைட்டுல அனுப்பறோமில்ல? சரி. இதை ஏர் ஷிப்மென்ட்டுன்னு வெச்சுக்கலாம். பொழுதோட சொல்றேன்."

அன்று பகல் முழுவதும் சோதனை நடந்தது. அலாரம் பன்னிரண்டு முறை அடித்தது. அடுப்படியில் இருந்த அத்தைக்கு வாசலில் இருந்து ஒன்பது கால். பத்தாவதில் அத்தை நம்பரை பிளாக் செய்துவிட்டார். சாயம் போகிறதா என்று பார்க்க வெள்ளைத் துணியால் தேய்ப்பார்களே, அப்படித் திரையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு பீஸைப் பார்த்து மொத்த லாட்டையும் அனுப்பக் கூடாது என்று, தினமும் உபயோகிக்கிற தன் நல்ல ஃபோனிலும் அதே அப்டேட்டைப் போட்டார். ஆறு மணிக்குத் தீர்ப்பு வந்தது.

"பாஸ். போட்டுக்க கண்ணு."

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மாமா வீடு வீடாகப் போனார். "மசாலாவப் பத்தரைக்குள்ள அரைச்சு முடிச்சுருங். பதனொண்ணுக்கு மேல ஃபேனும் ஓடக் கூடாது."

"ஃபேனுமா? இந்த வெயில்லயா?" என்றார் சரோஜாக்கா.

"ஃபேனுக்கு மட்டும் விடுங்கன்னு கேக்காதீங். ஃபேனை விட்டா அடுத்தாப்ல ஃப்ரிட்ஜும்பீங்."

ஆறாம் வீட்டில் இருந்த ஒடிசாக்காரர்களிடம் தனக்குத் தெரிந்த மொத்த இந்தியையும் செலவழித்தார். "பையா, சப் பந்த். பஹன் கா இண்டர்வியூ." எல்லாத்தையும் அணைங்க, தங்கச்சிக்கு இண்டர்வியூ என்று அர்த்தமாம். அவர்கள் ஃபேனை அணைத்ததோடு நிற்காமல், பேட்டரியில் ஓடுகிற டார்ச்சையும் அணைத்துவிட்டு வந்தார்கள்.

பதினோரு மணிக்கு ஆப் திறந்தது. ஜன்னல் வழியாக எனக்கு வாசல் தெரிந்தது. எட்டு வீட்டு ஜனமும் வேப்ப மர நிழலில், கையால் விசிறிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது. நடுவில் மாமா. ஒரு கையில் ஃபோன். இன்னொரு கையை டிராஃபிக் போலீஸ் மாதிரி உயர்த்திப் பிடித்திருந்தார்.

என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். பெயரைச் சொல்லிவிட்டு என்னை அறியாமல் ஒரு நொடி நிறுத்தினேன். டப் வரவில்லை. மேலே சொன்னேன்.

பாதியில் இண்டர்வியூ எடுத்தவர் கேட்டார்: "இவ்வளவு அமைதியா இருக்கே, லைப்ரரியில இருக்கீங்களா?"

"இல்ல சார், வீட்டுலதான்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு கர்வமாக ஒரு பதில் சொன்னதில்லை.

நாற்பது நிமிடம் நடந்தது. நடுவில் ஒருமுறை மாமா வாசலில் இல்லை. பதில் சொல்லிக்கொண்டே கண்ணை ஜன்னலிலேயே வைத்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து கையை உயர்த்தினார். முடித்துவிட்டு வெளியே வந்து தலையாட்டினேன். அடுத்த நொடி எட்டு வீட்டிலும் ஓடிப்போய் ஃபேனைப் போட்டார்கள். டப்.

அந்த ஒரு டப்புக்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நாளில் வேலை ஆர்டர் வந்தது. நான் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய அன்று மாமா ஒரு தாளை நீட்டினார். அந்த நாற்பது நிமிடக் கோடு. கம்பெனி பிரிண்டரில் எடுத்திருந்தார். வைஃபை பெட்டி மட்டும் ஓடியதால் கோடு தாளின் அடியை ஒட்டி, நூல் பிடித்த மாதிரிக் கிடந்தது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் கடுகளவு மேடு. அதற்கு நேராக ஒரு சிவப்பு அம்பு.

"அது நாந்தேன் அம்மிணி" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அந்த அப்டேட்டு போட்டதுல என்ற ஃபோனுக்கு சார்ஜே நிக்கறதில்ல. ரெண்டு பர்சென்ட்டுக்கு வந்துருச்சு. ஃபோன் செத்துட்டா கோட்டைப் பாக்க முடியாதுன்னு உள்ள போயி ரெண்டு நிமிசம் சார்ஜர் சொருகிட்டேன். பேட்டரியச் செக் பண்ணாம உட்டது என்ற டிஃபெக்ட்டு."

இப்போது என் ஃபோனில் அப்டேட் வந்தால் 'பிறகு' என்றுதான் அழுத்துகிறேன். ஆபீஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நல்லூரில் ஒருவர் இன்னும் ஓகே சொல்லவில்லை.