தேத்தண்ணி குடிக்காத சம்பந்தி

சட்டன், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் மகாலிங்கம் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே பாலாம்பிகையின் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே கொக்குவிலில் நீங்களும் சந்திரவதனா அக்காவும் மகன் நிசாந்தன் குடும்பமும் புது நாய்க்குட்டியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கோபிக்க வேண்டாம். தொலைபேசியில் நீங்கள் "ம்" என்றால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் "ம்" என்றாலும் எனக்குக் கேட்காது.

எங்கள் மகள் தனுஷியா விரும்பியிருக்கும் அமெரிக்கப் பையன் ஈதன் ட்ரான்டரைப் பற்றி ஐந்து மாதத்துக்கு முன் நான் நடுங்கி நடுங்கிச் சொன்னபோது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். "ஆர் ஆக்கள், எந்த ஊர், என்ன தொழில், ஏழு தலைமுறைக்கு விசாரிச்சு எழுது. அதுக்குப் பிறகு நான் வாறதோ இல்லையோ எண்டு சொல்லுறன்." தனுஷியாவோ, "மாமா வந்து முன்னுக்கு நிக்காமல் நான் மணவறையில ஏறமாட்டன் அப்பா" என்று ஒரே பிடி. ஐயா செத்த பிறகு என்னைப் படிப்பித்தவர் நீங்கள். நீங்கள் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியமும் நடந்ததில்லை. ஆகவே இந்தக் கல்யாணம் முழுவதும் என் விசாரணையில் தொங்குகிறது என்று விளங்கியதும், நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்த காலத்து அளவுகோலையும் பென்சிலையும் தேடி எடுத்தேன்.

விசாரிக்கும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. சம்பந்தப்பட்டவர்களைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேட்க வேண்டும். நேரே அவர்களிடமே கேட்பது மரியாதையில்லை. எனவே முதலில் நோர்பரியில் நாங்கள் மரக்கறி வாங்கும் கடை முதலாளியிடம், அமெரிக்காவில் யூட்டா என்ற இடத்தில் யாரையாவது தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். "அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை அண்ணை. எங்கட ஆக்கள் இல்லாத இடத்தில வேற ஆக்கள் என்னெண்டு இருக்கினம்?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது, பையனுடைய ஆட்கள் மோர்மன் சமயத்தார் என்று. அவர்களுடைய முன்னோர்கள் நூற்றைம்பது நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, அங்கே மாடு வாங்கவும் வசதியில்லாமல், சாமான் சட்டி முட்டியையும் பிள்ளைகளையும் கைவண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு, ஆயிரம் மைலுக்கு மேல் நடந்து போய் யூட்டாவில் குடியேறியவர்களாம். இதை வாசித்தபோது எனக்குத் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நாம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது நினைவுக்கு வந்தது. உங்கள் சைக்கிள் பாரில் நிசாந்தன், கரியரில் அரிசி மூட்டை, அதற்கு மேல் அக்காவின் தையல் மெஷின். நடந்துபோன ஆட்கள் என்றதும் பாதி மனம் அப்போதே அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இருந்தாலும் நீங்கள் கேட்டது மனத்தை அல்ல, ஏழு தலைமுறையை.

அத்தான், இன்னொன்றும் தெரியவந்தது. விசாரிப்பதில் நம்மை விழுத்தக்கூடிய ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறதென்றால் அது இவர்கள்தான். முன்னோரைத் தேடுவது அவர்களுக்குச் சமயக் கடமை. இங்கே அவர்களுடைய தேவாலயம் ஒன்றின் மேல்மாடியில் வம்சாவளி தேடுவதற்கென்றே ஓர் அறை. யாரும் போகலாம், காசு இல்லை. அங்கே மிஸிஸ் ஹாலம் என்ற வெள்ளைக்கார அம்மா கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு இருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொல்லுமுன் அவர் என்னைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"உங்கள் குடும்பப் பெயர்?"

"மகாலிங்கம்."

"அப்பாவின் குடும்பப் பெயர்?"

"கதிரவேலு."

"அவருடைய அப்பாவுக்கு?"

"வினாசித்தம்பி."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தி, "எதற்காக ஒவ்வொரு தலைமுறையிலும் பெயரை மாற்றினீர்கள்? யாராவது துரத்தினார்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார். தகப்பன் பெயரைத்தான் பிள்ளை சுமக்கும், பாட்டன் பெயர் தானாகக் கழன்றுவிடும் என்று விளக்கினேன். "அப்படியானால் தேடத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் நீங்கள் காணாமல் போய்விடுவீர்களே!" என்றார். வந்த வேலையை மறந்து எங்களுடைய ஆட்களைத் தேடப் புறப்பட்டவரை, "எங்களை விடுங்கோ அம்மா, எங்களை ஊருக்கே தெரியும். ட்ரான்டரைப் பாருங்கோ" என்று கெஞ்சித் திருப்பினேன்.

அதன் பிறகு வாராவாரம் போனேன். ஈதனின் தகப்பன் ரஸல், அவருடைய தகப்பன் வேர்னன், அவருக்கு மேலே லீரோய், அவருக்கு மேலே ஹைரம், அவருக்கு மேலே ஆமோஸ், ஆமோஸுக்குத் தகப்பன் யோசையா. ஈதனோடு சேர்த்து எண்ணினால் சரியாக ஏழு. யோசையாதான் கைவண்டி இழுத்தவர். ட்ரான்டர் என்றால் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர் என்று பழைய ஆங்கிலத்தில் பொருளாம். உங்களுடைய அப்பு புகையிலைச் சிப்பம் ஏற்றிக் கொழும்புத்துறைக்கு வண்டி விட்டவர் அல்லவா? தொழில் பொருத்தம் இதற்கு மேல் என்ன வேண்டும்? யோசையாவுக்கு அங்கே போன பிறகு இரண்டு மனைவியர். அந்தக் காலத்தில் அவர்களுக்குள் அது வழக்கமாக இருந்து பிறகு நின்றுபோனது. இரண்டாம் மனைவி தாளில் அடங்காததால் நான் இன்னொரு தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. அதைப் பார்த்த பாலாம்பிகை, "இஞ்சாருங்கோ, ஒருத்தியோடையே நீங்கள் வாய் திறக்கிறேல்லை. ரெண்டெண்டால் பாவம், ஊமையாய்ப் போயிருப்பியள்" என்றாள்.

இனி முக்கியமானதைச் சொல்கிறேன். இருந்து வாசியுங்கள். யோசையா ட்ரான்டர் கப்பலேறுவதற்கு முன் இருந்த ஊர் எது தெரியுமா? சட்டன்! நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் இதே சட்டன். அப்போது இது ஒரு சின்னக் கிராமமாம். நாலுபேர் இருந்து படிக்கும் அறை என்றும் பாராமல் நான் "எங்கட ஊர்!" என்று கத்திவிட்டேன். மிஸிஸ் ஹாலம் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். அத்தான், நீங்கள் கேட்டது எந்த ஊர் என்று. ஒரே ஊர்! பார்க்கப்போனால் அவர்கள்தான் பழைய குடிகள், நாங்கள் நேற்று வந்தவர்கள். பெண் கொடுக்க யோசிக்க வேண்டியது நாம் அல்ல, எடுக்க யோசிக்க வேண்டியது அவர்கள்.

அப்படித்தான் அவர்கள் யோசிக்கிறார்கள் என்றும் நான் நம்பும்படி ஆயிற்று. ஈதனின் தாய் தகப்பன் லின்டாவும் ரஸலும் யூட்டாவிலிருந்து ஈதனோடு சில மாதம் தங்க வந்த கையோடு எங்களையும் பார்க்க வந்தார்கள். பாலாம்பிகை முழங்கால் வலியோடு இஞ்சி இடித்துத் தேத்தண்ணி ஊற்றி, பட்டுச்சேலையோடு தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். லின்டா மிகவும் அன்பாகச் சிரித்துக்கொண்டு, "வேண்டாம், நன்றி" என்றார். ரஸலும் வேண்டாமென்றார். கோப்பி தரட்டுமா என்றேன். அதுவும் வேண்டாமாம். கல்யாணம் பேச வந்த வீட்டில் வாய் நனைக்காமல் போனால் அதற்கு என்ன கருத்தென்று நமக்குத் தெரியும். இவர்கள் எங்களை விசாரித்திருக்கிறார்கள்! ஏழு தலைமுறைக்கு விசாரித்து ஏதோ பிடித்துவிட்டார்கள்! "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று எத்தனை வீட்டில் நாமே தட்டைத் தள்ளியிருக்கிறோம் என்று நினைக்க எனக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது.

குசினிக்குள் பாலாம்பிகை என்னைப் பிடித்துக்கொண்டாள். "கண்டியளே? எங்கட வீட்டில வாய் நனைக்கினமில்லை."

"ஆனா வடை சாப்பிடினமே. ரஸல் தட்டை வழிச்செடுத்திட்டார்."

"வடை வேற, தேத்தண்ணி வேற. போய்க் கேளுங்கோ, என்ன குறை கண்டவையெண்டு."

"நான் என்னெண்டு கேக்கிறது?"

"ஓம், நீங்கள் கேக்க மாட்டியள். நிலத்துக்குப் படம் வரையத்தான் உங்களுக்கு ஏலும்."

நான் கேட்கவில்லை. அவர்கள் கட்டிப்பிடித்து விடைபெற்றுப் போனார்கள். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் தனுஷியா வந்து, "ரெண்டு பேரும் ஏன் செத்தவீடு மாதிரி இருக்கிறியள்?" என்று கேட்க, பாலாம்பிகை அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். பிள்ளை சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தது. "ஐயோ அம்மா, அவை மோர்மன்! டீ, கோப்பி ஒருத்தர் வீட்டிலயும் குடிக்கமாட்டினம். தங்கட வீட்டிலயும் குடிக்கமாட்டினம். அது அவையின்ர சமயம்." மூன்று மாதம் அந்தச் சமயத்தாருடைய அறையிலேயே இருந்திருக்கிறேன். மிஸிஸ் ஹாலம் எனக்கு ஏன் ஒருநாளும் தேத்தண்ணி தரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். பாவம் அந்த அம்மா.

அடுத்த ஞாயிறு அவர்களைத் திரும்ப அழைத்து, பாலாம்பிகை கொத்தமல்லியும் சுக்கும் போட்டு மல்லித்தண்ணி வைத்தாள். ரஸல் ஒரு மிடறு குடித்துவிட்டு, கண் கலங்க, "இது என்ன, இது என்ன?" என்றார். நாங்கள் காய்ச்சலுக்குக் குடிப்பது என்று நான் சொல்லவில்லை. இப்போது தினமும் வருகிறார். லின்டா பத்துமுழச் சேலை வாங்கி வீட்டுக்குள் உடுத்து நடந்து பழகுகிறார். தனுஷியா சமயம் மாற வேண்டியதில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஆகவே அத்தான், ஆர் ஆக்கள் என்றால் நடந்து போன ஆக்கள். ஊர் சட்டன். தொழில் வண்டி. ஏழு தலைமுறைப் படமும் இத்துடன் இருக்கிறது. விரித்துப் பார்க்க மேசை போதாது, கட்டிலில் விரிக்கவும். இதில் பிழை இருந்தால் அது என் பிழை. ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை சரிபார்த்திருக்கிறேன். முருகன் உங்களுக்கும் அக்காவுக்கும் நீண்ட ஆயுளையும் எனக்கு உங்கள் நல்ல பதிலையும் தரட்டும்.

தங்கள் அன்புக்குப் பணிந்த மைத்துனன்,
க. மகாலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது லின்டா வந்தார். பெருமையோடு படத்தை விரித்துக் காட்டினேன். அவர் பார்த்துப் பார்த்து மகிழ்ந்து, பிறகு ஆமோஸின் பெயரில் விரலை வைத்து, "இவன் யோசையாவின் பிள்ளை இல்லையே!" என்றார். கைவண்டிப் பாதையில் தாயும் தகப்பனும் இறந்துபோன ஒரு மூன்று வயதுப் பிள்ளையாம். யாருடையது, எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாதாம். எந்த இடம் என்று கேட்டால் "வண்டி" என்றதாம். யோசையா தூக்கித் தன் வண்டியில் வைத்து, தன் பெயரையும் கொடுத்துவிட்டார். அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதல் சொல்லும் கதையே இதுதானாம். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். ஆகவே மேலே எழுதியதில் சட்டன், வண்டித் தொழில், இரண்டு மனைவியர், ஒட்டிய தாள் எல்லாம் வேறு யாரோ குடும்பத்துக்கு உரியவை. தயவுசெய்து வெட்டிவிட்டு வாசிக்கவும். மருமகன் ஆர் ஆக்கள் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் மாட்டாது.

கடிதத்தைக் கிழிக்கத்தான் நினைத்தேன். அப்போது நிசாந்தனின் நினைவு வந்தது. அவனே எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்கிற கதைதானே, பாலத்தில் தனியே நின்று அழுத பிள்ளையை நாம் கண்டது. அத்தான், அன்றைக்கு நீங்கள் ஆர் ஆக்கள், எந்த ஊர் என்று கேட்கவில்லை. "பெடியன் நனையிறான், பாரில ஏத்து" என்று மட்டும் சொன்னீர்கள். இன்றைக்கு அவனும் உங்கள் பெயரைத்தான் சுமக்கிறான்.

கல்யாணம் தை மாதம். என் வாழ்க்கையில் முதல் தடவையாக உங்களிடம் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டேன், உங்களுக்கும் அக்காவுக்கும் நிசாந்தனுக்கும். வரும்போது ஊர் மல்லி இரண்டு கிலோ கொண்டுவரவும். இங்கே இருந்ததைச் சம்பந்தி குடித்து முடித்துவிட்டார்.