இரவல் கேரவனில் டவல் கம்பி

'அஞ்சு நிமிஷ வேலை' ஆசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதை ஆட்டிப் பார்த்து, "காலு லூசா இருக்கே, ஒரு திருப்புளி கொடுங்க" என்று கேட்டாரே, அவர்தான். நீங்களும் கொடுத்தீர்கள். அதுவரை ஆடிக்கொண்டே ஆளைத் தாங்கிவந்த நாற்காலி, அன்றோடு பரணுக்குப் போய்விட்டது.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடலாமே. மனசு தங்கம், கைதான் சும்மா இருக்காது. அதிலும் சொந்தப் பொருள் என்றால் அவ்வளவு வேகம் வராது. சொந்த வீட்டுக் குழாய் மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும்; அடுத்தவர் வீட்டுக் குழாய் சொட்டினால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

எனக்குத் தெரிந்த ஆசாமி ஒருவர் மைத்துனரிடம் கேரவன் இரவல் வாங்கினார். நடிகர்கள் உட்காரும் பளபளப்பு வண்டி இல்லை. படுக்கை, அடுப்பு, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு குளியலறை, எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கிய சின்ன வீட்டு வண்டி. அவர் வாங்கினார் என்று சொன்னதே தப்பு. அவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. கேட்டது மனைவி. அவளுடைய அண்ணன் அந்த வண்டியைத் தினம் துடைத்து வைப்பவர். ரொம்ப யோசித்துவிட்டு, "உன்னை நம்பித்தாம்மா கொடுக்கிறேன்" என்று சாவியைத் தங்கை கையில் வைத்தார். "ஒரு கீறல் இல்லாம கொண்டுவந்து விடுறேண்ணே" என்றாள் அவள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளோடு இப்படிக் கிளம்ப வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. இந்தத் தடவை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தால்தானே அடுத்த தடவை வாய் திறந்து கேட்க முடியும்?

கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். முதல் குளியலை முடித்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே வந்த ஆசாமி, "ஏம்மா, இதுல துண்டு போட ஒரு கம்பிகூட இல்லையே" என்றார்.

அவள் அவசரமாகக் கதவைக் காட்டினாள். "கதவு மேல போடுங்க."

"உங்கண்ணன் இத்தனை நாளா கதவு மேலயா போட்டுக்கிட்டிருக்காரு? பாவம். நாம ஏதாச்சும் செஞ்சு கொடுக்க வேணாமா? அஞ்சு நிமிஷ வேலை."

துளைபோடும் மிஷின் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? மாற்றுச் சட்டையை மறந்துவிட்டு வருவாரே ஒழிய, அதை மறப்பாரா? சுவரை விரலால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர் தோற்றார். "உள்ள கட்டை இருக்கு" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். கட்டையாவது, ஒன்றாவது. கேரவன் சுவர் என்பது இரண்டு மெல்லிய பலகை, நடுவில் தெர்மாகோல், அவ்வளவுதான். உள்ளே ஒருவர் கொட்டாவி விட்டால் வெளியே நிற்பவருக்குத் தூக்கம் வரும். அதில் திருகாணி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ஆனாலும் கம்பி நின்றது. துண்டு போடும்வரை நின்றது. ஈரத் துண்டைப் போட்டதும் துண்டு, கம்பி, திருகாணி, எலுமிச்சம்பழ அளவுக்குச் சுவர், எல்லாம் சேர்ந்து கீழே வந்தன.

நீங்களும் நானும் இந்த இடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்போம். ஆசாமி உட்காரவில்லை. "திருகாணி சின்னது, அதான்" என்று இன்னும் நீளமான ஒன்றை எடுத்து, கொஞ்சம் தள்ளி முடுக்கினார். அது சுவரைப் பிடித்தது. பிடித்ததோடு நிற்காமல் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தது.

"ஏங்க, என் தலைமாட்டுல ஏதோ கூரா நீட்டிக்கிட்டிருக்கு" என்று படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"இருக்கட்டும். கைப்பை மாட்டிக்க வசதி."

அப்புறம் வேலை சூடு பிடித்தது. பெயர்ந்த ஓட்டையை மறைக்க ஒரு சோப்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குத் தப்பாகப் போட்ட துளையை மறைக்க, பிரஷ் வைக்கும் குவளை. குவளைக்குக் கீழே பலகை விரிசல் விட்டதும், அதை மறைக்க ஒரு கொக்கி வரிசை. இவை எல்லாவற்றையும் முடுக்கிய முடுக்கில் எதிர்ச்சுவர் பிளந்துகொள்ள, கடைத்தெருவுக்கு ஓடி ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து அதையும் மூடினார். கடல் பார்க்க வந்த மனைவி தெர்மாகோல் உருண்டைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தக் குளியலறையில் இல்லாத வசதி கிடையாது. குளிக்கத்தான் இடமில்லை. முழங்கையைத் தூக்கினால் பெட்டி, குனிந்தால் கொக்கி, நிமிர்ந்தால் குவளை. துண்டு என்ன ஆயிற்று என்கிறீர்களா? கதவு மேல் கிடந்தது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, "கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார் ஆசாமி.

"நீங்க வாயே திறக்க வேணாம்" என்றாள் மனைவி.

அண்ணனிடம் அவள் எதையும் ஒளிக்கவில்லை. "உள்ள போய்ப் பாருங்கண்ணே. சொன்ன சொல்லக் காப்பாத்த முடியல" என்றவள் அழுதேவிட்டாள். அண்ணன் உள்ளே போனார். பிறகு ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. ஆசாமி மட்டும், பரிசு வாங்க மேடையேறப் போகிற பையன்போல முகத்தை வைத்துக்கொண்டு, "எப்படி மச்சான்?" என்றார்.

வெளியே வந்த அண்ணன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தங்கையின் தோளைத் தட்டி, "அழாதம்மா. அடுத்த வருஷமும் எடுத்துக்கிட்டுப் போ. பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, "மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துக்கட்டும்" என்றார்.

"அதுவும் சரிதான்" என்று ஆசாமி மனம் நிறைந்து தலையாட்டினார். "வீட்டுல எனக்கு ஏகப்பட்ட வேலை கிடக்கு."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, 'இந்தச் சுவருக்குப் போய்த் திருகாணி எதற்கு, நல்ல பசையாகப் பார்த்து ஒட்டியிருக்கலாமே, நானாக இருந்தால்...' என்று உங்கள் கை துறுதுறுத்ததா? அப்படியானால், அடுத்த முறை வீட்டில் எல்லோரும் ஊருக்குக் கிளம்பி, உங்களை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், ஏன் என்று கேட்காதீர்கள்.