நிலுவையில் ஒரு கழுத்து

மனிதருடைய கவலைக்கு இலக்கம் போட்டு, திகதி முத்திரை குத்தி, ஃபைல் கோவையில் வைத்துப் பராமரித்த ஒரே பெண்மணி இந்த உலகத்தில் எங்கள் சீல் அக்காதான். வேறு யாரும் இருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் ஆதாரத்துடன் வரவேண்டும், மூன்று பிரதிகளில். அவருடைய கோவையில் நாற்பத்தேழாம் இலக்கம் என்னுடைய கழுத்து.

அம்மா அப்பா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த எங்கள் கந்தோரில் வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாம் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். வலது கையில் எப்போதும் திகதி முத்திரை. தேத்தண்ணிகூட இடது கையால்தான் குடிப்பார். என் கலியாண அழைப்பிதழைப் பல்லெல்லாம் தெரியக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, ‘கிடைத்தது’ என்று சீல் அடித்து, அடுத்த கடிதத்தை எடுத்துவிட்டார்.

ஒருநாள் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கவென்று கொழும்பிலிருந்து ஒரு லைஃப் கோச் வந்தார். கோட் போட்டிருந்தார். எங்கள் ஊர் வெயிலில் ஒருவர் கோட்டுடன் நிற்பதைப் பார்த்ததுமே எங்களுக்குப் பாதி மனவுறுதி வந்துவிட்டது. உடம்பைப் போல மனதுக்கும் பயிற்சி வேண்டும் என்றார். கவலையைத் தலைக்குள் வைத்திருக்காமல் தாளில் எழுதுங்கள். என்ன செய்யலாம், யார் செய்வது, எப்போது செய்வது என்று கேளுங்கள். கவலைப்படவென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள், அதுவரை அது வெளியே காத்திருக்கட்டும் என்றார். நாங்கள் எல்லோரும் தேத்தண்ணியோடு தின்னத் தருகிற ரோல்ஸ் எப்போது வரும் என்ற கவலையில் இருந்தோம். சீல் அக்கா மட்டும் கையை உயர்த்தினார்.

“சேர், எழுதின தாளை எந்தக் கோவையில போடுறது?”

கோச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவருடைய மேசையில் ஒரு அட்டை நிற்கிறது. ‘கவலைகள் ஏற்கப்படும் நேரம்: செவ்வாய், வியாழன், பி.ப. 3.00 முதல் 3.15 வரை. அரைத்தாளில், விளங்கும் கையெழுத்தில்.’ பக்கத்தில் புதிதாகக் கோடு போட்ட ஒரு பதிவேடு. பொருள், நடவடிக்கை, பொறுப்பான அலுவலர், திகதி, முடிவு என்று ஐந்து நிரல்கள்.

பகிடிக்கென்றுதான் எல்லோரும் போனோம். முதலில் போனவர் பெரிய கிளாக்கர். தனக்கு இடமாற்றக் கடிதம் வந்துவிடும் என்ற பயத்தில் நாளுக்கு மூன்று தரம் தபால் மேசையை எட்டிப் பார்க்கிற மனிதர்.

“கடிதம் வந்திட்டுதோ?” என்று அக்கா கேட்டார்.

“இன்னும் வரேல்லை.”

“முப்பது வருசத்தில வராத கடிதத்துக்கு நான் ஒருக்காலும் சீல் அடிச்சதில்லை. தாளைக் கொண்டு போங்கோ. வந்தாப் பிறகு வடிவா இருந்து கவலைப்படுவம்.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மாதம் டொக்டர் அவருடைய பிரஷர் குளிசையில் ஒன்றைக் குறைத்தார்.

எங்கள் சாரதிக்கு மாமியார் மூன்று மாதம் தங்க வருகிறார் என்ற கவலை. எழுதிக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தார். கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் திரிகிற புள்ளிமான்கள் எங்கள் கந்தோருக்கும் வரும். ஒன்று தலையை நீட்டித் தாளைத் தின்றுவிட்டது. அக்கா கண்ணாடியைச் சரிசெய்து பதிவேட்டில் எழுதினார்: ‘மானால் உட்கொள்ளப்பட்டது. மேலதிக நடவடிக்கை தேவையில்லை.’ சாரதி சிரித்த சிரிப்பில் மாமியார் கவலையே கரைந்துபோனது. பிறகு அந்த மூன்று மாதமும் தினமும் மாமியார் சமைத்த நண்டுக் குழம்போடுதான் வேலைக்கு வந்தார், அது வேறு கதை.

காலையில் தபால் பை உடைக்க முதல் எல்லோரும் எழும்பி நின்று மூச்சுப் பயிற்சி செய்யவேண்டும். “எடுங்கோ, நாலு. பிடிச்சு வையுங்கோ. ஒருத்தரும் விடக்கூடாது.” நடுவில் துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதும். “கப்பலே விட்டிட்டுது, பெரியவர், நீங்களும் விடுங்கோ!”

இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான்தான். அப்படியிருக்கத்தான் தாடைக்குக் கீழே ஒரு கட்டி வந்தது.

புளியங்கொட்டை அளவு. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி மாதிரி எடுத்தார்கள். இரண்டு கிழமையில், பதினாலு நாளில், ரிப்போர்ட் வரும், வந்து எடுங்கோ என்றார்கள். நான் போகவில்லை. எடுக்காத ரிப்போர்ட்டில் வருத்தம் இல்லை என்பது என்னுடைய விஞ்ஞானம். மனைவியிடம், சவரம் செய்யும்போது வெட்டிவிட்டது என்று சொல்லிவைத்தேன். ஐந்து கிழமை ஓடியது. பகலில் சிரிப்பேன், கை மட்டும் தானாகக் கழுத்துக்குப் போகும். என் பிள்ளைக்கு அப்போது நாலு வயது. அவனைத் தூக்கினால் இறக்கிவிட மனம் வராது. பயந்து செத்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

ஒரு வியாழக்கிழமை சரியாக மூன்று மணிக்கு அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, அரைத்தாள் ஒண்டு எடுத்துக்கொண்டு வாரும்.”

“எனக்கென்ன அக்கா கவலை? நான் நல்லா இருக்கிறன்.”

“நல்லா இருக்கிற மனுசன் தேத்தண்ணியில உப்புப் போட்டுக் குடிக்கமாட்டான். இரும்.”

இருந்தேன். எழுதினேன். பொருள்: கழுத்திலுள்ள கட்டி. நடவடிக்கை: ரிப்போர்ட் எடுத்தல். பொறுப்பான அலுவலர்: நான். திகதி என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. கடைசியில் ‘பார்க்கலாம்’ என்று எழுதினேன்.

அக்கா முத்திரையைத் திருப்பி அதில் திகதி சுழலுகிற சில்லை எனக்குக் காட்டினார். “இதில பன்னிரண்டு மாதம் இருக்கு, முப்பத்தொரு நாள் இருக்கு. ‘பார்க்கலாம்’ எண்டொரு திகதி இல்லை, தம்பி.”

“அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“என்ர மேசையில இருந்து ஒரு கதை வெளியில போயிருக்கோ?” என்று சொல்லி, சீலை அடித்து, தட்டில் போட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை. கந்தோரே கேட்கும்படி பெரிய கிளாக்கர் கூப்பிடுகிறார்.

“தம்பி, உம்மட கழுத்துக்குக் கந்தளாயில இருந்து கடிதம் வந்திருக்கு!”

ஓடிப்போய்ப் பறித்து வாசித்தேன். என்னுடைய அரைத்தாள், சீலும் இலக்கமும் இருந்தபடியால், வாராந்தத் தபால் பையில் கந்தளாய்க் கிளைக்குப் போயிருக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு பிள்ளை. கடிதம் என்று ஒன்று வந்தால் பதில் போடவேண்டும் என்று படித்த பிள்ளை. போட்டுவிட்டது.

‘தங்கள் கழுத்திலுள்ள கட்டி தொடர்பாக எமது கிளையினால் மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கை எதுவும் இல்லை என்பதை அறியத்தருகின்றேன். ஆயினும், குறித்த அறிக்கையைப் பெற்று, அதன் பிரதியொன்றினை ஏழு நாட்களுக்குள் அனுப்பிவைக்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.’ கீழே பேனையால் சின்னதாக: ‘பயப்படாமல் போங்கோ சேர்.’

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் பாய்ந்தேன். “இது எப்பிடி அக்கா கந்தளாய்க்குப் போனது? உங்களை நம்பித்தானே எழுதினனான்!”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். “கை தவறிப் போட்டுது தம்பி. வயசாகுதெல்லே.”

முப்பது வருசத்தில் அவர் விட்ட முதல் பிழை. அதைச் சொன்ன முகத்தைப் பார்த்ததும் என் கோபம் அரைவாசியாகிவிட்டது.

மிச்ச அரைவாசிக்கு நேரம் கிடைக்கவில்லை. பதில் போடாத கடிதம் எங்கள் கந்தோரில் நிலுவைப் பட்டியலில் ஏறும். பட்டியல் சுவரில் ஏறும். மறுநாளே ஏறியது. ஒன்று, கூரை ஒழுக்கு. இரண்டு, வாகனத் திருத்தம். மூன்று, கழுத்து. கூட்டித் துடைக்கிற அம்மா முதல் கன்டீன்காரர் வரை, “என்ன தம்பி, கழுத்து எப்பிடி?” என்று கேட்டார்கள். பெரிய கிளாக்கர் தன் தம்பிக்கும் இப்படி ஒன்று வந்து போனதைச் சொன்னார். ஐந்து கிழமையாக ஒற்றை ஆளாகச் சுமந்ததைப் பதினாறு பேர் பங்கு போட்டுக்கொண்டால் எவ்வளவு இலேசு என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கோட் போட்ட மனிதர் சொன்னதில் ஏதோ இருக்கத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை சாரதி வாகனத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அக்கா அரைநாள் லீவு போட்டுக் கைப்பையுடன் ஏறிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் வரிசைக்குப் போட்டிருந்த நீள வாங்கில் இருந்த வேகத்திலேயே எழும்பிவிட்டேன். “அக்கா, எனக்கு ஏலாது. வாங்கோ போவம்.”

“மூச்சை எடும். நாலு. பிடியும்.”

காலில் கட்டுப் போட்டிருந்த பக்கத்துப் பெரியவரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார்.

நேர்ஸ் மிஸ்ஸி கடித உறையைக் கொண்டுவந்து தந்தார். நான் அக்காவிடம் நீட்டினேன். “நீங்களே உடையுங்கோ. வாற கடிதம் எல்லாம் நீங்கள்தானே உடைக்கிறனீங்கள்.”

கைப்பையிலிருந்து கடிதம் உடைக்கிற கத்தியை எடுத்தார். முப்பது வருசமாக ஒரு கடிதத்தையும் கோணலாக வெட்டாத கை, அன்றைக்கு உறையைப் பல்லுப் பல்லாகக் கிழித்தது. உள்ளே எல்லாம் ஆங்கிலம்.

“தம்பி, ‘பினைன்’ எண்டு ஒண்டு கிடக்கு. நல்லதோ, கெட்டதோ?”

எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் டொக்டரின் அறைக்குள் ஓடினோம்.

“நல்லது. வெறும் கொழுப்புக் கட்டி, ஒரு பயமுமில்லை,” என்றார் டொக்டர். “அதுசரி, அஞ்சு கிழமையா எங்க போனனீங்கள்?”

அப்பாடா! சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். டொக்டரைக் கட்டிப்பிடிக்கப் போனேன், அவர் கதிரையோடு பின்வாங்கினார். திரும்பிப் பார்த்தால் அக்கா அசையாமல் நிற்கிறார், நெஞ்சு நிமிர்ந்தபடி. வாங்கில் பிடித்த மூச்சை இன்னும் விடவில்லை போலிருந்தது.

“அக்கா,” என்றேன், “விடுங்கோ.”

விட்டார். மூச்சோடு அழுகையும் வந்தது. பிறகு மூக்கைத் துடைத்து, கைப்பையிலிருந்து திகதி முத்திரையை எடுத்து, டொக்டர் பார்த்துக்கொண்டிருக்க, ரிப்போர்ட்டில் ‘கிடைத்தது’ என்று ஓங்கி ஒரு சீல் அடித்தார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி பேசின பேச்சு துறைமுகம் வரை கேட்டிருக்கும். “கந்தளாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியாதோ?” பேசிக்கொண்டே சோற்றைப் போட்டார். ஐந்து கிழமைக்குப் பிறகு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். கந்தளாய்க்குப் பிரதி போனது. ‘மிக்க மகிழ்ச்சி. எமது கோவை மூடப்படுகின்றது’ என்று அந்தப் பிள்ளை பதில் எழுதியிருந்தது.

போன வருடம் சீல் அக்கா வேலையிலிருந்து இளைப்பாறிப் பாலையூற்றிலுள்ள தன் வீட்டோடு இருந்துவிட்டார். தபால் மேசை எனக்கு வந்தது. கையளிப்புப் பட்டியலில் கடைசிப் பொருள் அந்தக் கவலைப் பதிவேடு. மற்றவர்களுடையதைப் பார்க்கக்கூடாது என்று நாற்பத்தேழாம் இலக்கத்தை மட்டும் தேடி எடுத்தேன்.

‘பொறுப்பான அலுவலர்’ என்ற நிரலில் என் பெயர் ஒற்றைக் கோட்டால் வெட்டப்பட்டு, மேலே அவருடைய பெயர் இருந்தது, அம்மா அப்பா வைத்த முழுப் பெயர். ‘நடவடிக்கை’ என்ற இடத்தில் அந்த வியாழக்கிழமைத் திகதியுடன், அந்த அழகான கையெழுத்தில்: ‘கந்தளாய்ப் பையில் இடுதல்.’

‘முடிவு’ என்ற நிரல் வெறுமையாகக் கிடக்கிறது. சீல் இப்போது என்னுடைய கையில்தான். அடித்து மூடவேண்டியது என்னுடைய கடமை, தெரியும். கந்தோரின் மற்ற எல்லாக் கோவைகளையும் மூடிவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் மூட எனக்கு மனம் வரவில்லை.